லண்டனில் வீட்டுக்கு ஆஃபர் வைக்கும்போது ஏஜென்ட்டிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

வாடகை வேலன்

வணக்கம். ஹாரோ பக்கம் மூன்று பெட்ரூம் டெரஸ் வீடு ஒன்று. விளம்பரத்தில் "ஆஃபர்ஸ் இன் எக்ஸெஸ் ஆஃப் 475,000 பவுண்டு" (அதற்கு மேல் சொல்லுங்கள்) என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு முறை போய்ப் பார்த்தாயிற்று. ஃபோனில் 465,000 சொன்னேன். மறுநாள் ஏஜென்ட் கூப்பிட்டு, "இன்னும் மூணு பேர் இருக்காங்க, வெள்ளிக்கிழமை பகல் 12 மணிக்குள்ள பெஸ்ட் அண்ட் ஃபைனல் ஆஃபர் குடுத்துடுங்க" என்கிறார். அவர்கள் ஆபீஸ் மோர்ட்கேஜ் அட்வைசரிடம் பேசி முடித்தால்தான் ஆஃபரை ஓனரிடம் கொண்டுபோக முடியும் என்றும் சொல்கிறார். "அதிகபட்சம் எவ்வளவு வரைக்கும் போவீங்க?" என்பதை மூன்று விதமாகக் கேட்டுவிட்டார்.

கையில் மொத்தம் 60,000 பவுண்டு. அதில் 15,000 சென்னையிலிருந்து அப்பா கொடுப்பது, 8,000 சீட்டு எடுத்தது. முதல் வீடு. அந்த மூன்று பேர் நிஜமாகவே இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க வழி உண்டா? அட்வைசரைப் பார்க்கத்தான் வேண்டுமா? எந்த நம்பரை எழுதுவது?

பத்திரம் பார்க்கும் மதி

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். பார்க்க வேண்டியதில்லை. தங்கள் ஆபீஸ் மோர்ட்கேஜை எடுக்காதவரின் ஆஃபரை ஒதுக்குவதும் பின்னுக்குத் தள்ளுவதும் இங்கிலாந்தில் சட்டவிரோதம். 1979 எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டத்தின் கீழ் 1991-இல் வந்த ஆணை இதைச் சொல்கிறது. "எங்களுக்கு இந்த மாதிரி ஆஃபர் வேண்டாம்" என்று ஓனர் எழுதிக் கொடுத்திருந்தாலொழிய, வந்த ஒவ்வொரு ஆஃபரையும் உடனுக்குடன் எழுத்தில் அவருக்குத் தெரிவிப்பதும் ஏஜென்ட்டின் கடமை. கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (ஒப்பந்தம் இரு பக்கத்தையும் கட்டுப்படுத்தும் கட்டம்) ஆகும்வரை இது தொடரும்.

ஆனால் ஏஜென்ட் உங்களிடம் கேட்கக்கூடியதும் ஒன்று உண்டு. நீங்கள் பணம் கட்டக்கூடிய ஆள்தானா என்று பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறது. அதற்கு ஒரு பேங்க்கின் ஏ.ஐ.பி. லெட்டரும் (இவ்வளவு கடன் தரலாம் என்ற முதற்கட்ட ஒப்புதல்) டெபாசிட் இருக்கிறது என்பதற்கான ஆதாரமும் போதும். உங்கள் சம்பளம், மாதச் செலவு, எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. ஆபீஸ் அட்வைசரிடம் உட்கார்ந்தால் இத்தனையும் பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்துவிடும். விலை பேசும் இடத்தில் உங்கள் உச்சவரம்பை ஏன் வைக்க வேண்டும்? இன்னொரு விஷயம்: ஏ.ஐ.பி. லெட்டரில் நீங்கள் ஆஃபர் செய்யும் வீட்டுக்குத் தேவையான தொகை மட்டும் இருக்கட்டும். பேங்க் 480,000 கடன் தருமென்றாலும், லெட்டரை 427,500-க்கே (475,000-இல் 90%) வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம், பெரும்பாலான பேங்க்குகளில் இது பத்து நிமிட வேலை.

நீங்கள் எழுத வேண்டிய மெயில் இவ்வளவுதான்:

"அட்வைசர் சந்திப்புக்கு நன்றி, எங்களுக்கு ஏற்கெனவே புரோக்கர் இருக்கிறார். ஏ.ஐ.பி. இணைத்திருக்கிறேன். எங்கள் ஆஃபர் ஓனருக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டதை உறுதிசெய்து பதில் அனுப்பவும்."

வம்பு வளர்க்காமல் இப்படி ஒரு வரி போட்டாலே முக்கால்வாசி இடங்களில் பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்த நிறுவனத்தின் புகார் நடைமுறைப்படி எழுதுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் அவர்கள் எந்தக் குறைதீர் அமைப்பில் பதிவு செய்திருக்கிறார்களோ அங்கே போகலாம், பிராப்பர்ட்டி ஆம்பட்ஸ்மன் அல்லது பிராப்பர்ட்டி ரெட்ரெஸ். வீடு அதற்குள் யாருக்கோ போயிருக்கும் என்பது வேறு கதை.

ஏஜென்ட் யாருக்கு வேலை செய்கிறார் என்பதில் குழப்பமே வேண்டாம். ஓனருக்கு. கமிஷன் கொடுப்பவர் அவர். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கமிஷன் 1.5% என்றால், நீங்கள் 10,000 பவுண்டு ஏற்றிக் கொடுப்பதில் ஆபீஸுக்குப் போவது 150 பவுண்டு. அதில் உங்களோடு பேசும் ஆளுக்குக் கிடைப்பது இன்னும் சொற்பம். விற்பனை நடுவில் உடைந்தால் போவதோ முழுக் கமிஷன், கிட்டத்தட்ட 7,000. எனவே அவர் உள்ளூரத் தேடுவது கடைசிவரை நிற்கும் ஆளை. விலை இரண்டாவது. ஆஃபர் மெயிலை அந்தக் கண்ணோடு எழுதுங்கள்: முகவரி, தொகை, "சப்ஜெக்ட் டு கான்ட்ராக்ட் அண்ட் சர்வே" என்ற சொற்கள் (ஒப்பந்தமும் வீட்டைச் சோதிக்கும் சர்வேயும் முடியும்வரை ஆஃபர் கட்டுப்படுத்தாது), விற்க வேண்டிய வீடு எதுவும் உங்களுக்கு இல்லை என்பது, சொலிசிட்டர் (பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) பெயர், ஆஃபர் ஏற்கப்பட்ட 10 நாளுக்குள் சர்வே புக் செய்வோம் என்ற வாக்கு, வாடகை வீட்டு நோட்டீஸ் எவ்வளவு என்பது, ஏற்றால் விளம்பரத்தை எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனை. ஃபோனில் சொன்ன ஆஃபரை அன்றைக்கே மெயிலிலும் போடுங்கள். 465,000-ஐ நீங்கள் ஃபோனில் மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது ஓனருக்குப் போனதற்குச் சாட்சி எதுவும் இல்லை.

மூன்று பேர் இருக்கிறார்களா என்பது வெளியிலிருந்து தெரியாது. மற்றவர் தொகையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் ஏஜென்ட்டுக்கு இல்லை. இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது மட்டும் குற்றம். ஆகவே பொய்யா என்று நேராகக் கேட்காதீர்கள். "அவர்கள் ஆஃபர் எழுத்தில் வந்ததா? வீடு விற்று வாங்குபவர்களா, செயினில் இல்லாதவர்களா? ஓனருக்கு எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும்?" என்று கேளுங்கள். நிஜமாக ஆள் இருந்தால் பதில் சட்டென்று வரும். "நிறைய இன்ட்ரஸ்ட் இருக்கு" என்று சுற்றிவளைத்தால், வியூயிங் வந்தவர்களைத்தான் எண்ணிச் சொல்கிறார்.

குரொய்டன் பாலா

வேலன் தம்பி, மதி சொன்னதிலை பிழை இல்லை. நான் நம்பர் எப்பிடிப் பிடிக்கிறது எண்டதை மட்டும் எழுதுறன்.

ஏஜென்ட் போட்ட 475-ஐ மறந்திடுங்கோ. அது ஆக்களை வாசலுக்குக் கூப்பிடப் போட்ட நம்பர். லேண்ட் ரெஜிஸ்ட்ரி 'பிரைஸ் பெய்ட்' தரவு இலவசம். அந்த ரோட்டிலையும் பக்கத்து ரெண்டு ரோட்டிலையும் கடைசி 12 மாதம் விற்ற டெரஸ் வீடுகளை எடுங்கோ. பிறகு அரசாங்க இணையத்திலை ஒவ்வொரு வீட்டின்ரை இ.பி.சி. (எரிசக்தித் திறன்) சான்றிதழையும் திறவுங்கோ, அதிலை தள அளவு சதுர மீற்றரிலை இருக்கும். விலையை அதாலை பிரிக்கவேணும். உதாரணத்துக்கு, பக்கத்து வீடு 84 சதுர மீற்றர், 460,000-க்குப் போனது எண்டால் மீற்றருக்கு 5,476. நீங்கள் பாக்கிற வீடு 82 எண்டால் 449,000 வருது. அதுக்கு மேலை எவ்வளவு குடுக்கிறியள் எண்டாலும், எதுக்காகக் குடுக்கிறியள் எண்டு உங்களுக்கே ஒரு காரணம் இருக்கவேணும்: புதுக் கூரை, பின்பக்க எக்ஸ்டென்ஷன், ஸ்டேஷன் கிட்ட. கவனம் ரெண்டு: இ.பி.சி. பத்து வருஷம் செல்லும், அது எடுத்த பிறகு லொஃப்ட் கட்டியிருந்தால் அந்த அளவு அதிலை இராது. மற்றது, லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலை விலை பதிவாக மாதக்கணக்காகும், அதாலை போன மாதம் விற்றது தெரியவராது.

கடைசி நம்பர். ஆக்கள் எல்லாரும் 470, 475, 480 எண்டு வட்டமா எழுதுவினம். மொய்யிலை 500 வைக்காமல் 501 வைக்கிறமாதிரி, நீங்கள் 471,350 எண்டு எழுதுங்கோ. சமநிலை வந்தால் அந்த ஆயிரத்துச் சொச்சம் வெல்லும். கணக்குப் பாத்து எழுதின ஆள் எண்ட எண்ணமும் வரும். "ஆகக் கூடின ஆஃபருக்கு மேலை ஆயிரம் தாறன்" எண்டு மட்டும் எழுதாதேங்கோ. கேக்க நல்ல உபாயம் மாதிரி இருக்கும். 1985-இலை ஹார்வெலா வழக்கிலை பிரபுக்கள் சபை (அப்ப அதுதான் ஆக உயர்ந்த நீதிமன்றம்) இப்பிடியான ஆஃபர் மூடின உறைப் போட்டியிலை செல்லாது எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. அது கம்பனிப் பங்கு விற்ற வழக்கு, ஆனால் வீட்டு ஏஜென்ட்மாரும் அதே காரணத்துக்காகத்தான் தூக்கி எறிவினம்: எல்லாரும் அப்பிடி எழுதினால் நம்பரே இராது.

500,000 எண்ட கோட்டைத் தாண்டாதேங்கோ. ஃபர்ஸ்ட் டைம் பையருக்கு 2025 ஏப்ரலிலை இருந்து 300,000 வரை ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கிற வரி) இல்லை, அதிலை இருந்து 500,000 வரை 5%. சரியா 500,000 எண்டால் 10,000 கட்டுவியள். 501,000 எண்டால் சலுகை முழுக்கப் போய் 15,050. ஆயிரம் கூட்டினதுக்கு 5,050 தண்டம். இந்தக் கோட்டை ஏஜென்ட்டும் அறிவார், அதாலைதான் உங்களைப் போல ஆக்கள் 500-இலை வந்து நெரிபடுகினம்.

ஒரு கேள்வி: முதல் வீடு எண்டியள். இங்கிலாந்திலை முதல் வீடோ, உலகத்திலையே முதல் வீடோ? ஊரிலை உங்கள் பேரிலை, மனைவி பேரிலை ஏதும் இருக்கோ?

வாடகை வேலன்

இருவருக்கும் மிக்க நன்றி. இங்கே முதல் வீடு. மனைவி பேரில் வேளச்சேரியில் ஒரு ஃபிளாட் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன் அவர்கள் வீட்டில் வாங்கிக் கொடுத்தது. வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதை இங்கே யார் கணக்கில் எடுக்கப் போகிறார்கள்? வீட்டை என் பேரில் மட்டும் வாங்கினால் சரியாகிவிடுமா?

வரிக்கணக்கு ஜெயா

வேலன், வெள்ளிக்கிழமைக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஸ்டாம்ப் டியூட்டியில் இரண்டு தனித்தனிச் சோதனைகள். ஒன்று ஃபர்ஸ்ட் டைம் பையர் சலுகை. வாங்குபவர்கள் எல்லோரும் உலகில் எங்கேயும் வீடு வைத்திருந்ததே இல்லை என்றால்தான் அது கிடைக்கும். இன்றைக்கு விற்றுவிட்டாலும் "வைத்திருந்தார்" என்பது மாறாது. பூர்வீக வீட்டில் பங்கு வாரிசாக வந்திருந்தாலும் கணக்கில் சேரும். இரண்டாவது, கூடுதல் வீட்டுக்கான மேல்வரி. 2024 அக்டோபர் 31 முதல் 5%, அதுவும் முழு விலை மேல். வாங்கும் நாள் முடிவில் உலகின் எந்த மூலையிலாவது 40,000 பவுண்டும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள இன்னொரு வீடு இருந்தால் இது விழும். சேர்ந்து வாழும் கணவன், மனைவியை இதில் ஒரே ஆளாகப் பார்ப்பார்கள். உங்கள் பேரில் மட்டும் வாங்கினாலும் வேளச்சேரி ஃபிளாட் உங்கள் தலையில்தான்.

475,000-க்குக் கணக்கு: சலுகையோடு 8,750. சலுகை இல்லாமல், மேல்வரியும் இல்லாமல் 13,750. மேல்வரியோடு 13,750-உம் 23,750-உம் சேர்ந்து 37,500.

உங்கள் 60,000-இல் 37,500 போனால் மீதி 22,500. சொலிசிட்டர், சர்ச் (வீட்டைப் பற்றிய கவுன்சில் பதிவுகளைத் தேடுவது), சர்வே என்று 3,500 வைத்தால் 19,000. இது 4%. பேங்க் குறைந்தபட்சம் 5% கேட்கும். ஆக, இந்த விலையில் இந்த வீடு இப்போதைக்கு உங்களால் முடியாது. அதே கையிருப்பில் 425,000 வீடு என்றால் வரி 32,500, செலவு போக மீதி 24,000, அது 5%-க்குச் சற்று மேல். ஓடும், ஆனால் வட்டி கூடுதலாக இருக்கும்.

வழிகள் இரண்டு. ஃபிளாட்டின் சந்தை மதிப்பு 40,000 பவுண்டுக்குக் கீழே என்றால், அதாவது இப்போதைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 45 முதல் 50 லட்சத்துக்குள், மேல்வரி கிடையாது. அப்போது உங்கள் பேரில் மட்டும் வாங்கினால் சலுகையே கிடைக்கும், 8,750. மனைவி பேரையும் சேர்த்தால் 13,750. ஃபிளாட் அதைவிட மதிப்பு என்றால், இங்கே கம்ப்ளீஷன் (வீடு கைக்கு வரும்) நாளுக்கு முன் அதை விற்றுப் பத்திரம் முடித்திருக்க வேண்டும். அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸ் வாங்கியது போதாது. பெயர் மாற்றிப் பெற்றோருக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். சட்டப்படி அது நிஜமான மாற்றமாக இருந்தால் செல்லும், ஆனால் இந்தியப் பக்கம் முத்திரைத்தாள் செலவும் வரி விளைவும் தனி. ஆடிட்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

"யார் கணக்கில் எடுக்கப் போகிறார்கள்" என்றீர்கள். சொலிசிட்டர் கேட்பார், நீங்கள் கையெழுத்துப் போட்டு அறிவிப்பீர்கள். இந்திய வாடகை வருமானத்தை இங்கே வரிக் கணக்கில் காட்டியிருந்தால் ஃபிளாட் ஏற்கெனவே இங்குள்ள வரித்துறைக்குத் தெரியும். காட்டவில்லை என்றால் அது இரண்டாவது பிரச்சினை.

பத்திரம் பார்க்கும் மதி

ஜெயா சொன்னதைப் பார்த்தபின் என் ஆலோசனை மாறுகிறது. ஃபிளாட் மதிப்பு தெரியாமல் வெள்ளிக்கிழமை நம்பர் கொடுக்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் வரை ஆஃபரைத் திரும்பப் பெறச் செலவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏற்கப்பட்ட பின் கழன்றுகொண்ட ஆள் என்ற பெயர் அந்த ஆபீஸில் நிற்கும், ஹாரோவில் வீடு தேடினால் அதே ஆபீஸ்தான் திரும்பத் திரும்ப வரும். "சில ஆவணங்கள் உறுதியாக வேண்டியிருப்பதால் இந்தச் சுற்றில் கலந்துகொள்ளவில்லை, விற்பனை முறிந்தால் தகவல் தரவும்" என்று இரண்டு வரி போடுங்கள். ஏற்கப்பட்ட ஆஃபர்கள் கணிசமாக முறிகிறவை, இரண்டு மாதம் கழித்து ஃபோன் வரலாம்.

மதிப்பு 40,000-க்குள் நிற்கிறது, ஆஃபர் வைக்கிறீர்கள் என்றால், பணம் வந்த வழியை இன்றே அடுக்கி வையுங்கள். இங்கேதான் நம் ஆட்கள் மாட்டுவார்கள். அப்பா கொடுக்கும் 15,000-க்கு "இது அன்பளிப்பு, திரும்பக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்குப் பங்கு இல்லை" என்று கடிதம், அவருடைய பாஸ்போர்ட் நகல், அவர் கணக்கில் அந்தப் பணம் சேர்ந்த ஆதாரம் மூன்றும் வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது 250,000 டாலர் வரை. 10 லட்ச ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு பேங்க் 20% டி.சி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கும், அது அப்பாவின் வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை முடங்கும். 15,000 பவுண்டு 10 லட்சத்தைத் தாண்டுகிறது, கவனியுங்கள். அம்மா பேரில் சொந்தப் பணம் இருந்தால் ஆளுக்குப் பாதியாக அனுப்பலாம்.

சீட்டுப் பணம் 8,000 கையில் ரொக்கமாக வந்திருந்தால் பெரும்பாலான சொலிசிட்டர்கள் தொடமாட்டார்கள். கணக்கிலிருந்து மாதாமாதம் கட்டியதும், எடுத்தது கணக்குக்கு வந்ததும் ஸ்டேட்மென்ட்டில் தெரிந்தால், சீட்டு எப்படி நடக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, பிடிப்பவரிடம் கையெழுத்து வாங்கி வைக்கலாம். எடுத்த பின்னும் கட்ட வேண்டிய தவணை மீதி இருந்தால் பேங்க் அதைக் கடனாகப் பார்க்கும். மறைக்காதீர்கள்.

பேங்க் மதிப்பீடு குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் ஆஃபருக்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். 475,000-க்கு 10% டெபாசிட், கடன் 427,500. பேங்க் வேல்யூவர் வீடு 455,000-தான் பெறும் என்றால் 90% கடன் 409,500. கையிலிருந்து 18,000 கூடுதலாகப் போட வேண்டும், உங்களிடம் அது இல்லை. அப்போது ஏஜென்ட்டிடம் அந்த மதிப்பீட்டையே காட்டி விலை குறைக்கச் சொல்லலாம். அடுத்து வரும் ஆளுக்கும் அதே நிலை வரலாம் என்பது அவருக்குத் தெரியும். போட்டியில் வெறி பிடித்து ஏற்றிய விலைகள் இங்கேதான் இறங்குகின்றன.

ஏற்கப்பட்ட பின் வேறொருவர் கூடக் கொடுத்து இடையில் புகுவதைத் தடுக்க முழுப் பூட்டு கிடையாது. விளம்பரத்தில் 'சோல்ட் எஸ்.டி.சி.' (ஒப்பந்தத்துக்கு உட்பட்டு விற்றாயிற்று) போட்டார்களா என்று தினமும் பாருங்கள், மெமரண்டம் ஆஃப் சேல் (ஏஜென்ட் அனுப்பும் விற்பனை விவரக் குறிப்பு) மூன்று நாளில் வராவிட்டால் கேளுங்கள். விருப்பமானால் சொலிசிட்டர் வழியாக இரண்டு மூன்று வாரத்துக்கு லாக்-அவுட் ஒப்பந்தம் (அதுவரை வேறு யாரிடமும் ஓனர் விலை பேசமாட்டார்) போடலாம், காலவரை தெளிவாக எழுதியிருந்தால் அது செல்லும். வேகம்தான் நல்ல பாதுகாப்பு. சர்ச் முதல் வாரத்திலேயே போகட்டும்.

குரொய்டன் பாலா

ஒரு துணுக்கு. "மொடர்ன் மெதட் ஒஃப் ஒக்ஷன்" (ஒரு வகை ஏலம்) எண்டு சின்ன எழுத்திலை போட்டிருந்தால் அது வேறை விளையாட்டு. வென்ற உடனை திரும்பாத ரிசர்வேஷன் ஃபீ கட்டவேணும், வற் சேர்த்து 4%-க்கு மேலை கேக்கிறது சாதாரணம், அது வீட்டு விலையிலை கழியாது. 56 நாளுக்குள்ளை முடிக்கவேணும். ஊர்ப் பணத்தையும் ஊர் ஃபிளாட்டையும் நம்பி இருக்கிற ஆள் அதுக்குள்ளை கால் வைக்கவேண்டாம்.

வாடகை வேலன்

ஏஜென்ட்டுக்கு மெயில் போட்டுவிட்டேன், இந்தச் சுற்றில் இல்லை என்று. ஜெயா, கடைசியாக ஒன்று: ஃபிளாட் மதிப்புக்கு பதிவுத்துறையின் கைடுலைன் வேல்யூவைக் காட்டினால் போதுமா? அதில் 32 லட்சம்தான் வருகிறது.

வரிக்கணக்கு ஜெயா

போதாது. இங்கே கேட்பது சந்தை மதிப்பு, பதிவுத்துறை மதிப்பு பல தெருக்களில் அதைவிடக் கீழே இருக்கும். பேங்க் பேனலில் உள்ள வேல்யூயரிடம் எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள். அதில் தேதி, சதுர அடி, பிரிபடாத மனைப் பங்கு, அதே அபார்ட்மென்ட்டில் அண்மையில் விற்ற இரண்டு மூன்று ஃபிளாட்டின் விலை இருக்க வேண்டும். வீட்டுக்கடன் பாக்கி இருந்தால் அதைக் கழிக்காதீர்கள், முழு மதிப்பும்தான் கணக்கு. பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாமனார் பேரும் சேர்ந்திருந்தால் உங்கள் மனைவியின் பங்குக்கு உள்ள மதிப்பை மட்டும் பார்த்தால் போதும்.